பன்னிரண்டு பெண்களும் ஒரு சிவப்பு பல்பும்

மூளைக்கு நடுவில், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பீனியல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. இருட்டினால் மெலட்டோனின் சுரக்கும். கண்ணில் வெளிச்சம் பட்டால் நிறுத்திக்கொள்ளும். பொழுது போய்விட்டது, தூங்கத் தயாராகு என்று உடம்புக்குச் சொல்கிற தபால்காரர், அவ்வளவுதான். ஆனால் கணையத்துக்கும் தைராய்டுக்கும் வாய்க்காத ஒரு பாக்கியம் இதற்கு வாய்த்திருக்கிறது. தில்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் இதற்கு ரசிகர் மன்றம் இருந்தது.

மன்றத் தலைவர் அண்ணாச்சி. மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வுபெற்ற திருநெல்வேலிக்காரர். என் அப்பாவுக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சி. குளியலறையில் வழுக்கி விழுந்தபோது தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அடி ஒன்றும் இல்லை, பீனியலில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. வயதானவர்களில் பலருக்கும் படியும். டாக்டர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அண்ணாச்சி கண்டுகொண்டார். யாரோ செல்போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்து, பீனியல்தான் நெற்றிக்கண் என்றும், அதைக் கல்லாக்குவது டூத்பேஸ்டில் இருக்கிற ஃபுளோரைடு என்றும் முடிவுக்கு வந்தார். அன்றிலிருந்து வேப்பங்குச்சி. தினமும் சாயங்காலம் சொசைட்டி ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, நெற்றி நடுவில் மனதை நிறுத்தும் தியான வகுப்பு. சிஷ்யைகள் பன்னிரண்டு பேர். தலைவரைத் தவிர எல்லோரும் பெண்கள். தலைவரைத் தவிர எல்லோரும் மௌனம்.

உச்சந்தலையில் உண்மையாகவே மூன்றாவது கண் மாதிரி ஒன்று உள்ள பிராணிகள் உண்டு. சில ஓணான்களுக்கு இருக்கிறது. அவை வகுப்பு எடுப்பதில்லை.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. உடலியங்கியல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ஜூனியர் ஃபெல்லோ. எதைப் பார்த்தாலும் அளக்கத் தோன்றும் பருவம். "அளந்து பாத்துடலாமே அண்ணாச்சி" என்று ஒருநாள் லிஃப்டில் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அறிவியல் தாகத்தில் சொன்னது அல்ல. அவர் மூக்கை உடைக்கவேண்டும் என்ற ஆசையில் சொன்னது.

"தாராளமா அளந்துக்கோ தாயி" என்றார் அவர். "நெத்திக்கண்ணுக்கு என்ன பயம்?"

என் கைடு மெலட்டோனின் பற்றி இருபது வருடமாக எழுதிவருகிறவர். தூக்கம் வராமல், அமெரிக்காவிலிருந்து மச்சான் அனுப்பும் மெலட்டோனின் மிட்டாயைத் தினமும் சப்பிக்கொண்டு படுக்கிறவர். தியானம் என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அச்சா, தியானம்! பண்ணு பேட்டா, உடனே பண்ணு" என்றார் ஹிந்தியில். இன்னொன்றும் சொன்னார்: மார்ச்சில் என் ஃபெல்லோஷிப் முடிகிறது, பிஎச்டி சீட் ஒன்றுதான் இருக்கிறது, லேபில் எலி வைத்து வேலை செய்கிற பையனும் அதற்கு நிற்கிறான். இந்த வேலை ஒரு பெரிய மாநாட்டில் ஏறினால் சீட் எனக்கு. ஏறாவிட்டால் எலிக்கு.

திட்டம் சுலபமானது. மெலட்டோனின் எச்சிலிலும் தெரியும். ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை, அரை மணிக்கு ஒருமுறை ஒரு சின்ன டியூபில் துப்பவேண்டும். தியானம் செய்கிற பன்னிரண்டு பேர் ஹாலில், வழக்கம்போல இருட்டில். தியானம் செய்யாத, அதே வயதுள்ள பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டு முன்னறையில், திரையை இழுத்துவிட்டு, ஒரு மங்கலான சிவப்பு பல்பு வெளிச்சத்தில். சிவப்பு மங்கலாக இருந்தால் பீனியலை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் விதிமுறைத் தாள் அச்சடித்தேன். புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் தமிழ் படித்ததற்கு ஒரு பிரயோஜனம் கிடைத்தது என்று பெருமை வேறு. டீ கூடாது. வாழைப்பழம் கூடாது. சாக்லேட் கூடாது. பல் தேய்க்கக் கூடாது. லைட் போடக் கூடாது.

வீட்டுக் குழுவுக்குத் தலைவி என் அம்மா.

"பன்னெண்டு பேரை வீட்டுக்கு வரச் சொல்லிட்டு ஒரு வாய் டீ கூடக் குடுக்கக் கூடாதுன்னா, இது என்னடி ஆராய்ச்சி?" என்றாள். "அதுவும் சிவப்பு பல்பு. எதிர் பிளாக்குல என்ன நினைப்பாங்க?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா, "போட்டோ கழுவுறோம்னு நினைப்பாங்க" என்றார்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. உதவிக்கு ஆள் இல்லாததால் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஒருத்தியே ஓடினேன். மணிக்கும் அரை மணிக்கும் ஹால். கால் மணிக்கும் முக்கால் மணிக்கும் எங்கள் வீடு, மூன்றாவது மாடி. எங்கள் பிளாக் லிஃப்ட், டிராக்டர் ஏறி வருவதுபோல் சத்தம் போட்டுக்கொண்டு வரும். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் பன்னிரண்டு பேரும் சிவப்பு வெளிச்சத்தில் வரிசையாக, பரீட்சை ஹாலில் போலக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மா உட்பட. எனக்குக் கண் கலங்கியது. எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு ஒத்துழைப்பு! விஞ்ஞானத்தின் மேல் எவ்வளவு மரியாதை!

லேபில் அளந்து பார்த்தேன். ஹாலில் இருந்தவர்களுக்கு மெலட்டோனின் ஏழரை மணியிலிருந்தே அழகாக ஏறியிருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு ஒன்பது மணிவரை தரையோடு தரையாகக் கிடந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் பன்னிரண்டு பேருக்கும். அண்ணாச்சியின் மூக்கை உடைக்கப் போனவள், அந்த மூக்குக்கு வைர மூக்குத்தி செய்துகொண்டு வந்திருந்தேன்.

நல்ல ஆராய்ச்சியாளர் என்றால் அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும். மனித உடம்பு அவ்வளவு கச்சிதமாக நடந்துகொள்வதில்லை. நானோ சீட்டைப் பற்றி யோசித்தேன். கைடு என் முதுகில் தட்டினார். மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் போயிற்று, மேடையில் பேசலாம் என்று பதில் வந்தது. முதல் பெயர் என்னுடையது. எலிக்காரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது எனக்கு இனிப்பாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணாச்சிக்கு நான் முடிவைச் சொல்லியிருக்கவே கூடாது. சொன்னேன். மூன்றாம் நாள் ஒவ்வொரு லெட்டர் பாக்ஸிலும் ஒரு நோட்டீஸ் இருந்தது. 'நெற்றிக்கண் திறந்தது! தில்லி விஞ்ஞானி நிரூபணம்!' கீழே தில்லி விஞ்ஞானியின் படம். போன வருடப் பொங்கல் விழாவில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது எடுத்தது. கரும்பை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள். அதனால் எதையோ கடித்துக் குதறப் போகிறவள்போல் இருந்தேன்.

கேட்டில் அப்பாவைப் பிடித்து, "ஒம்ம மக சாதிச்சுட்டாவே" என்றார் அண்ணாச்சி. "இனி ஒரு பய டூத்பேஸ்ட் வாங்குதானான்னு பாக்கேன்." வகுப்பில் கூட்டம் இரண்டு மடங்காகியது. ஹாலுக்குக் கனமான கறுப்புத் திரை வந்தது.

ஜனவரியில் ஒருநாள் ஜலதோஷம் என்று லேபிலிருந்து சீக்கிரம் வந்து முன்னறை சோபாவில் படுத்திருந்தேன். பள்ளி நாளில் டியூஷன், கல்லூரி நாளில் மெட்ரோ, பிறகு லேப் என்று அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே குறைவு. வெளியே பனிமூட்டம், ஐந்தே முக்காலுக்கே இருட்டிவிட்டது. அம்மா சமையலறையிலிருந்து முந்தானையில் கைதுடைத்துக்கொண்டு வந்தாள். முன்னறை டியூப் லைட்டைப் போட்டாள். இரண்டு படுக்கையறை லைட், பால்கனி லைட், யாருமே இல்லாத குளியலறை லைட். பிறகு சாமி அலமாரியில் விளக்கேற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுபடி சமையலறைக்குப் போய்விட்டாள். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும்.

நான் மெதுவாக எழுந்து உட்கார்ந்தேன். ஜலதோஷம் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"அம்மா, அன்னிக்கு எல்லாரும் வந்து துப்பினாங்கள்ல. அன்னிக்கு டியூப் லைட் போட்டியா?"

"போடாம?"

"போடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேனேம்மா!"

"எழுதிக் குடுத்தே. விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டை இருட்டாப் போட்டு வெப்பாங்களாடி? அதுவும் வெள்ளிக்கிழமை. மகாலட்சுமி வாசல்ல வந்து நின்னு எட்டிப் பாத்துட்டு, சரி இங்க போட்டோ கழுவுறாங்கன்னு போயிடவா?"

"நான் வந்தப்பல்லாம் சிவப்புதானே எரிஞ்சுது?"

"லிஃப்ட் சத்தம் கேட்டதும் மாத்திடுவோம். அந்த நாலாம் நம்பர் வீட்டு ஆன்ட்டிதான் கதவுல காதை வெச்சுக்கிட்டு நின்னா. 'வர்றா வர்றா, அணை அணை'ன்னு கத்துவா. நீ போனதும் மறுபடி போட்டுக்குவோம்." கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "பாவம், புள்ள ஆசையாப் பண்ணுது, மனசு நோகக் கூடாதுன்னுதான்."

பன்னிரண்டு குடும்பப் பெண்கள், தாங்களாகவே கலந்து பேசி, ஒரு காவலாளியும் நியமித்து, மூன்று மணி நேரம் எனக்காக நாடகம் போட்டிருக்கிறார்கள். ஒருத்திகூட டீ குடிக்கவில்லை, ஒருத்திகூட வாழைப்பழம் தொடவில்லை. ஒரே ஒரு விதியை மட்டும் மீறினார்கள். அது ஒன்றுதான் முக்கியமான விதி.

ஆக நான் கண்டுபிடித்தது இதுதான்: இருட்டில் உட்கார்ந்திருந்தால் மெலட்டோனின் சுரக்கும், டியூப் லைட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தால் சுரக்காது. இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் லேப் அலமாரியில் பேட்டரி இல்லாமல் கிடந்தது. ஒரு பேட்டரி வாங்கிப் போட்டு, வீட்டு அலமாரிமேல் அதை வைத்துவிட்டு வந்திருந்தால் போதும். தோன்றவில்லை. என் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா!

மறுநாள் கைடிடம் போய்ச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"பன்னெண்டு ஆன்ட்டிக்கு சார்."

"அவங்க ஜர்னல் படிப்பாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?" ஒரு மடக்குக் குடித்தார். "அரே பேட்டா, எல்லா ஆராய்ச்சிக்குப் பின்னாடியும் யாரோ ஒரு அம்மா லைட் போட்டிருப்பாங்க. அதையெல்லாம் தோண்ட ஆரம்பிச்சா லைப்ரரில அலமாரிதான் மிஞ்சும்."

எச்சிலில் மெலட்டோனின் அளக்கும் கிட் ஒன்று பாக்கி இருக்கிறது, பிப்ரவரியில் காலாவதியாகிறது, வீட்டுக் குழுவையும் இருட்டில் வைத்து இன்னொருமுறை செய்கிறேன் என்றேன். மாநாட்டுக்கு ஸ்லைடு அனுப்ப இரண்டு வாரம் இருந்தது.

"பண்ணு. நல்லதா வந்தா வந்து சொல்லு." கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "நல்லதா வரலைன்னா, நான் அந்த வாரம் ரொம்ப பிஸி."

பன்னிரண்டு பேரையும் எங்கே இருட்டில் உட்காரவைப்பது? எந்த வீட்டிலும் நடக்காது. எல்லா வீட்டிலும் மகாலட்சுமி வருகிறாள். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அம்மாவிடமே கேட்டேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவங்கவங்க வீட்ல விளக்கேத்தி லைட்டைப் போட்டுட்டுப் பூட்டிட்டு அந்த ஹாலுக்கே வந்துடறோம். அது யார் வீடு? அங்க இருட்டா இருந்தா எங்களுக்கென்ன. வெள்ளி வேண்டாம், வியாழன் வை."

அதே ஹால், அதே இருட்டு, தியானம் மட்டும் இல்லை. இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடையாது. இரண்டு மாதமாக எனக்கும், இருபது வருடமாக மெலட்டோனின் எழுதுகிறவருக்கும் தோன்றாத திட்டம் வெண்டைக்காயோடு வந்தது.

வியாழக்கிழமை வகுப்பை விட்டுத்தர அண்ணாச்சிக்கு மனமில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "ஏட்டி, தியானம் பண்ணாத கூட்டத்த எதுக்கு இங்க கூட்டியாந்தே? இவளுக பேச்சுல ஹாலோட அதிர்வே கெட்டுப்போயிரும்லா?"

"ஒரு நாள்தான் அண்ணாச்சி. நெத்திக்கண்ணுக்கு என்ன பயம்?" என்றேன். வழிவிட்டார்.

இந்த முறை மீட்டருக்குப் புது பேட்டரி போட்டு, ஹாலைவிட்டு நகராமல் காவல் இருந்தேன். கறுப்புத் திரைக்குள் முகம் தெரியவில்லை, குரல்கள்தான். என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா இருங்கள் என்றேன். வாழ்க்கையில் யாரும் அவர்களிடம் சொல்லாத வார்த்தை போலிருக்கிறது. பிறகு வாய்கள் திறந்துகொண்டன.

"ஏர்போர்ட்ல வேலைன்னு பொண்ணைத் துவாரகால குடுத்தோம். மாப்பிள்ளையும் ஃப்ளைட் மாதிரிதான் வர்றார். வருவார்னு சொல்லுவாங்க, வர மாட்டார்."

"உங்க மாப்பிள்ளையாவது லேட்டா வர்றார். எங்க வீட்ல ரிட்டையர் ஆகி இருபத்து நாலு மணி நேரமும் உள்ளேயே இருக்கார். அதுக்கு என்ன சொல்றீங்க?"

"ஆன்ட்டி, டியூப்" என்றேன் நடுவில்.

"எச்சில் ஊற மாட்டேங்குதும்மா."

"உங்க மருமகளை நினைச்சுக்குங்க. துப்பல் தானா வரும்" என்றது நாலாம் நம்பர் ஆன்ட்டியின் குரல்.

இருட்டில் பன்னிரண்டு பேர் சிரிக்கிற சத்தம். மெலட்டோனினுக்கு அது நல்லதா கெட்டதா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. குறித்துக்கொண்டேன்.

லேபில் முடிவு வந்தது. ஏழரை மணியிலிருந்து மெலட்டோனின் ஏறியிருந்தது, தியானக்காரர்களுக்கு ஏறிய அதே மாதிரி. கிராஃபில் இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எது தியானம் எது வம்பு என்று எனக்கே தெரியவில்லை. என் அம்மாவின் கோடு, அண்ணாச்சியின் மூத்த சிஷ்யையின் கோட்டுக்கு ஒரு படி மேலேயே போனது.

முதலில் அண்ணாச்சியிடம் ஓடினேன். மூக்கு உடையும் சத்தத்தை நேரில் கேட்கவேண்டும் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தவள். வம்பு பேசினாலும் அதேதான் வருகிறது அண்ணாச்சி, எல்லாம் இருட்டின் வேலை என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ ஹாலுக்கே சக்தி இருக்குன்னு சொல்லு!"

அடுத்த நோட்டீஸ் நான்கே நாளில் வந்தது. நல்லவேளை, இந்த முறை என் படத்துக்குப் பதில் ஹாலின் படம்.

கைடு நிஜமாகவே பிஸியாக இருந்தார். அந்த வாரம் மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் மீட்டிங். கடைசி நாள் ஒரு வரிச் செய்தி மட்டும் வந்தது: 'பழைய ஸ்லைடையே அனுப்பு.' அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் அறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, மாநாட்டுக்காரர்களுக்கு எழுதினேன். எங்கள் ஒப்பீட்டுக் குழு வெளிச்சத்தில் இருந்திருக்கிறது, தியானத்தால் வந்த வித்தியாசம் என்று நாங்கள் சொன்னது தவறு, சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன். நான்கு வரி. கைடுக்கு ஒரு நகல். பெரிய தைரியம் என்று யாரும் நினைக்கவேண்டாம். பன்னிரண்டு பேருக்குத் தெரிந்த பொய்யை மேடையேறிச் சொல்லிவிட்டு, அந்த லிஃப்டில் நாலாம் நம்பர் ஆன்ட்டியோடு எப்படி இறங்குவது?

கைடின் பதில் ஒரே சொல். 'நோட்டட்.' சீட் எலிக்குப் போயிற்று. எலிகளுக்கு லைட் போட்டுவிட அம்மா கிடையாது; அந்த அனுகூலத்தை நான் முன்னமே யோசித்திருக்கவேண்டும். மார்ச் கடைசி நாள் மேசையைக் காலி செய்து, மீட்டருக்குள் நான் போட்ட பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். சின்னத்தனம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னாலதான் போச்சா?"

இல்லை என்று சொல்லவந்தேன். அவள் விடவில்லை.

"லைட் போடாதேன்னு மட்டும்தான் சொன்னே. ஏன் போடக் கூடாதுன்னு யார்கிட்டயாவது சொன்னியா? சொல்லியிருந்தா அன்னிக்கே ஹாலுக்கு வந்திருப்போம்ல." குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை. "எங்களுக்குப் புரியாதுன்னு நினைச்சியா?"

அலமாரியில் அந்த மூன்று மொழித் தாள் ஒன்று மிச்சம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். தமிழில் வரிக்கு வரி கூடாது, ஹிந்தியிலும் கூடாது, இங்கிலீஷிலும் அதுவே. காரணம் ஒரு மொழியிலும் இல்லை.

"சரி, இப்பச் சொல்லு" என்றாள் அம்மா. "அந்தச் சுரப்பிக்கு லைட்டுன்னா ஏன் ஆகாது?"

சொல்ல ஆரம்பித்தேன். கண்ணுக்குப் பின்னால் ஒரு நரம்பு, அது மூளையில் ஒரு கடிகாரத்துக்குப் போகிறது, அந்தக் கடிகாரம் கழுத்துவரை இறங்கிச் சுற்றிவந்துதான் பீனியலுக்குச் சேதி அனுப்புகிறது என்று தாளின் பின்பக்கத்தில் படம் போட்டேன். "பக்கத்துல இருக்கிறதுக்கு இவ்வளவு சுத்தா? சர்க்கார் ஃபைல் மாதிரில்ல போகுது" என்றாள். நான் கைடிடம்கூட இவ்வளவு நல்ல கேள்வி வாங்கியதில்லை. உற்சாகம் வந்துவிட்டது. கடிகாரத்தைப் பெரிதாக வரைந்து, வெளிச்சம் பட்டதும் அதில் என்ன நடக்கிறது என்று சொல்லப்போனேன்.

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மங்கிக்கொண்டிருந்தது.

"இரு, அப்படியே நிறுத்து" என்று எழுந்தாள். "லைட் போட்டுட்டு வந்துடறேன்."